பாண்டிச்சேரி வெயில்ல பார்டர் கோலி: ஓட்டத்த குறைங்க, வேலைய கூட்டுங்க

பார்டர் கோலி நாய வாங்கிட்டு வந்தவங்கள்ல முக்காவாசி பேரு மொதல்ல கேக்கறது, "இத எவ்ளோ நேரம் ஓட விட்டா அடங்கும்?". அடங்காதுங்க. இன்னிக்கு ஒரு மணி நேரம் ஓட விட்டு அது படுத்துதுன்னா, அடுத்த மாசம் அதே படுக்கறதுக்கு ஒன்றரை மணி நேரம் வேணும், அதுக்கடுத்த மாசம் ரெண்டு மணி நேரம், ஏன்னா நீங்க அத களைப்பாக்கல, தினமும் கோச்சிங் குடுத்து ஸ்டாமினா ஏத்திக்கிட்டு இருக்கீங்க. கடைசில ஓட ஓட தெம்பு ஏறுற ஒரு நாயும் முட்டி வலியோட நீங்களும்தான் மிஞ்சுவீங்க. அதுவும் நம்ம ஊரு, கடலூர் ஆகட்டும் பாண்டி ஆகட்டும், இந்த வேர்வையில மனுசனே ஓட முடியல, ரெண்டு அடுக்கு முடிய போத்திக்கிட்டு இருக்கறது எங்கேந்து ஓடும். அதனால நான் சொல்லப்போறது எல்லாம் ஒரே விஷயத்த சுத்திதான் வரும்: ஓட்டத்த குறைச்சுட்டு மூளைக்கு வேலை குடுங்க, கூடவே சும்மா இருக்கறத ஒரு பாடமா கத்துக்குடுங்க.

இந்த ஜாதி எங்கேந்து வந்துதுன்னு பாத்தா இது புரியும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல இருக்கற மலைப்பக்கத்துல ஆடு மேய்க்கறதுக்குன்னே வளர்த்தது. 1893ல பொறந்த ஓல்ட் ஹெம்ப்ன்னு ஒரு நாய்தான் இன்னிக்கு இருக்கற பார்டர் கோலி எல்லாத்துக்கும் பாட்டன்னு சொல்வாங்க, அது குலைக்காம கடிக்காம வெறும் பார்வையாலயே ஆட்ட நகத்துமாம். அந்த வேலைல ஓட்டம் மட்டும் பத்தாது, மேய்ப்பர் வாயையும் ஆட்டோட காலையும் பாத்துக்கிட்டே இருக்கணும், சொன்னா எழுந்திரிக்கணும், நிறுத்துன்னா நிக்கணும். அதுக்கு வேண்டிய தலை இது. அந்த தலைக்கு வேலை இல்லன்னா அதுவா ஒரு வேலைய தேடிக்கும், அது உங்க சோபாவா இருக்கலாம், எதிர்வீட்டு ஸ்கூட்டியா இருக்கலாம். (நம்ம பக்கம் தெருவுக்கு நாலு இருக்கற ஜெர்மன் ஷெப்பர்டும் ஆடு மேய்ச்ச வம்சம்தான், இதுல பாதி விஷயம் அதுக்கும் பொருந்தும்.)

மொதல்ல வெயில். நாய்க்கு நம்ம மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, நாக்க தொங்கப்போட்டு இளைச்சுதான் சூட்ட எறக்கும். கடலோரத்துல காத்துலயே ஈரம் இருக்கறதால இளைச்சாலும் சூடு சட்டுனு எறங்காது, அதனால 34 டிகிரிதானேன்னு நினைக்காதீங்க. அஞ்சு மணிக்கு கெளம்பி ஆறரைக்குள்ள வீட்டுக்கு வந்துடணும், சாயங்காலம் ஏழுக்கு மேலதான் திரும்ப வெளிய, கத்திரி நேரத்துல அதுவும் யோசிச்சுதான். தார் ரோட்டுலயும் பீச் ரோடு கல்லுலயும் பொறங்கைய வச்சு ஏழு செகண்ட் எண்ணுங்க, உங்களால வைக்க முடியலன்னா அது பாதமும் பொசுங்கும்.

இதுல பெரிய சிக்கல் என்னன்னா இந்த நாய் போதும்னு தானா நிக்காது. லாப்ரடார் ஆயாசமா இருந்தா பொத்துன்னு படுத்துக்கும், இது பந்த நீங்க தூக்கிப்போடுற வரைக்கும் ஓடும், விழுற வரைக்கும் ஓடும். பார்டர் கோலிகள்ல கடுமையா ஓடின கொஞ்ச நேரத்துல பின்னங்கால் தள்ளாடி திசை தெரியாம நிக்கற ஒரு பிரச்சினையே தனியா இருக்கு, பார்டர் கோலி கொலாப்ஸ்ன்னு சொல்லுவாங்க, அப்படி ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு அந்த மாதிரி வெறிபிடிச்ச ஓட்டத்த அதோட விட்டுடணும். சூடு தாக்குதுன்னா நாக்கு அகலமா விரிஞ்சு நுனி கரண்டி மாதிரி ஆகும், ஈறு செக்கச்செவேல்னு ஆகும், எச்சி கொழகொழன்னு கட்டும், கூப்பிட்டா திரும்பாது. அப்போ நிழலுக்கு தூக்கிட்டு போய் குழாத்தண்ணிய வயிறு, தொடை இடுக்கு, அக்குள்னு ஊத்திக்கிட்டே இருங்க, ஃபேன் காத்து படணும், அப்படியே வண்டில போட்டு ஆஸ்பத்திரி. ஈரத்துண்ட மேல போத்தி விட்டுட்டு போயிடாதீங்க, துண்டு சூடானதும் அதுவே கம்பளி ஆயிடும். நாய்க்கு சாதாரணமா 101லேந்து 102.5 ஃபாரன்ஹீட் வரைக்கும் இருக்கும், 104 தாண்டினா அவசரம். வீட்ல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் நாய்க்குன்னு தனியா வச்சுக்குங்க, எங்க வைக்கறதுன்னு டாக்டர் காமிச்சு குடுப்பாரு, தனியா ஏன் வேணும்னு அப்போ புரியும்.

சரி, ஓட்டம் இல்லன்னா என்னதான் பண்றது? மொத பாடம் பாய். பெட் ஷாப்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு மெத்தை எல்லாம் வேணாம், சின்ன கோரைப்பாய் ஒன்னு போதும், நம்ம ஊருக்கு குளிர்ச்சியும் கூட. பாய விரிங்க, அது வந்து மோந்து பாத்து கால வைக்கும், உடனே ஒரு துண்டு சிக்கன் பாய் மேலயே வைங்க, கையில குடுக்காதீங்க. படுத்துதுன்னா ரெண்டு முன்னங்காலுக்கு நடுவுல வைங்க. இது ஒரு வாரம். அதுக்கப்புறம் படுத்தா மட்டும் பத்தாது, நல்லா கவனிச்சு பாருங்க, மொதல்ல அது கோலி போஸ்ல படுக்கும், நாலு காலும் உடம்புக்கு அடில, தலை தூக்கி, எப்போ வேணா பாயற மாதிரி. அப்பிடி இருக்கறப்போ ஒன்னும் குடுக்காதீங்க. கொஞ்சம் கழிச்சு ஒரு பக்க இடுப்ப சாய்க்கும் பாருங்க, இல்லன்னா மூக்கு வழியா ஒரு பெருமூச்சு வரும், தாடைய தரைல வைக்கும், அந்த நேரத்துல சத்தம் போடாம மெதுவா ஒரு துண்டு. "குட் கேர்ள்"னு குதிச்சீங்கன்னா அதுவும் குதிச்சுடும், எல்லாம் போச்சு. வீட்ல சீரியல் ஓடற நேரம் இதுக்கு சூப்பர் டைம், எப்படியும் நீங்க உக்காந்துதானே இருக்கப்போறீங்க. போகப்போக நேரத்த நீட்டிக்கிட்டே போனா அப்புறம் பாய சுருட்டி கக்கத்துல வச்சுக்கிட்டு டீக்கடைக்கே கூட்டிட்டு போலாம், விரிச்சா படுத்துக்கும். பெரிய நாய் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல தூங்கணும், குட்டி இன்னும் ஜாஸ்தி, இந்த ஜாதி தூக்கம் கெட்டா சின்னக் கொழந்த மாதிரியே ஆடித்தீர்க்கும், அத பாத்துட்டு "எனர்ஜி பத்தல போல"ன்னு நாம மறுபடியும் பந்த எடுக்கறோம்.

ரெண்டாவது மூக்கு வேலை. கொட்டாங்குச்சி மூணு எடுத்து நார் எல்லாம் சுத்தமா சொரண்டிட்டு கவுத்து வைங்க, ஒன்னுக்கு அடில அது கண்ணு முன்னாடியே வேகவச்ச ஈரல் துண்டு வைங்க. மோந்து கண்டுபிடிக்கட்டும். நாலஞ்சு நாள் கழிச்சு அது பாக்காதப்போ வைங்க, அப்புறம் கொட்டாங்குச்சிய ஹால் முழுக்க பரப்புங்க, அப்புறம் மாடிப்படில ஒன்னு, மொட்டமாடி தொட்டிக்கு பின்னாடி ஒன்னு. எங்க வீட்டு நாய் மைனா கால் மணி நேரம் இப்படி தேடினாலே தண்ணி குடிச்சுட்டு தானா போய் பாய்ல விழுந்துடும், அதே மைனாவ ஒரு மணி நேரம் ஓட விட்டா வீட்டுக்கு வந்து செருப்ப தூக்கிட்டு சுத்தும். பழைய துண்டுல தீனிய வச்சு சுருட்டி முடிச்சு போட்டு குடுக்கறது, சாப்பாட்ட தட்டுல வைக்காம புல்லுல எறைச்சு விடறது, இதெல்லாம் காசு இல்லாத சமாச்சாரம்.

பொம்மைக்கு பேரு சொல்லித்தர்றதும் நல்லா வேல செய்யும். அமெரிக்காவுல சேசர்ன்னு ஒரு பார்டர் கோலி ஆயிரத்துக்கு மேல பொம்மைகளோட பேர தனித்தனியா தெரிஞ்சு வச்சிருந்துது, 2011ல அத ஆராய்ச்சி கட்டுரையாவே போட்டாங்க. நமக்கு பத்து போதும். ஒரே ஒரு பொம்மைய வச்சு அதோட பேர மட்டும் சொல்லி எடுத்துட்டு வர வைங்க, நல்லா பதிஞ்சதும்தான் ரெண்டாவது, அதுக்கு மொத பேரு சாயல் இல்லாத பேரு வைங்க. எல்லா விளையாட்டும் முடியறப்போ ஒரே சொல்லு, "போதும்", சொல்லிட்டு கைய விரிச்சு காமிச்சுட்டு நீங்க எழுந்து போயிடணும். மேய்ப்பருங்க இங்கிலீஷ்ல "தட்'ல் டூ" (That'll do)ன்னு சொல்லுவாங்க, அதே வேலதான். அந்த சொல்ல சொன்னதுக்கு அப்புறம் அது எவ்ளோ பாவமா பாத்தாலும் பந்து வெளிய வரக்கூடாது, வீட்ல எல்லாரும் அத மதிக்கணும், தாத்தா உட்பட.

வீட்டுக்குள்ள ஒன்ன கண்டிப்பா பாத்துக்கணும். காலைல ஜன்னல் வழியா வெயில் அடிக்கறப்போ எவர்சில்வர் தட்ட கழுவி கவுத்துவீங்க இல்ல, அந்த வெளிச்சம் செவுத்துல ஒரு வட்டமா ஓடும். சாதாரண நாய் ஒரு தடவை திரும்பி பாத்துட்டு விட்டுடும். இது அந்த செவுத்துக்கு முன்னாடி உக்காந்துக்கும், அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்து உக்காந்துக்கும், வெளிச்சம் வராத அன்னிக்கும் உக்காந்துக்கும். ஃபேன் நிழல், வாட்ச் கண்ணாடி, செல்போன் ஸ்க்ரீன் எல்லாமே இப்படித்தான். சிரிப்பா இருக்குன்னு வீடியோ எடுத்து போடாதீங்க, நிழல் துரத்தறது இந்த ஜாதில நோயாவே மாறும், சாப்பாட்ட விட்டுட்டு செவுத்த பாக்கற நிலைமை வரும். லேசர் லைட் வச்சு விளையாடவே கூடாது, ஒரு தடவை கூட. ஆரம்பத்துலயே திரைய இழுத்து விட்டுட்டு, பாத்திரம் வைக்கற எடத்த மாத்திட்டு, கூப்பிட்டு வேற வேலை குடுத்தீங்கன்னா விட்டுடும், முத்திடுச்சுன்னா டாக்டர்கிட்டதான் போகணும்.

வெளிய வந்தா பிரச்சினை ரெண்டு: வண்டி, ஆடு. ஓடுற எதுவா இருந்தாலும் இதுக்கு ஆடுதான், புல்லட் ஒரு பெரிய ஆடு, சைக்கிள் ஒரு சின்ன ஆடு. பாயறதுக்கு முன்னாடி அதோட உடம்பு சொல்லிடும்: தலை தோளுக்கு கீழ எறங்கும், வாய் மூடிக்கும், ஒரு முன்னங்கால் அந்தரத்துல நிக்கும், கண்ணு இமைக்காது. அந்த ரெண்டு செகண்ட்தான் உங்க கையில இருக்கு. அப்போ பேர சொல்லி திரும்ப வச்சு தீனி குடுத்தா ஜெயிச்சீங்க, பாஞ்சதுக்கு அப்புறம் கத்தி பிரயோஜனமே இல்ல. இத கத்துக்குடுக்க ஈசிஆர் ஓரமா போய் நிக்காதீங்க. பாண்டி பீச் ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிலேந்து காலைல ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டாங்க, விடிகாலைல ஜாகிங் போறவங்களும் சைக்கிளும் மட்டும்தான், எட்ட நின்னு பழக்க நல்ல எடம். கடலூர்க்காரங்க சில்வர் பீச் ரோட்ட அஞ்சரைக்கு போய் பாருங்க. அது பாத்தும் பாயாம இருக்கற தூரம் எதுவோ அங்கேந்து ஆரம்பிங்க, அம்பதடின்னா அம்பதடி, வாரா வாரம் கிட்ட வாங்க.

ஆட்டு விஷயத்துல விளையாட்டே கூடாது. பாகூர் பக்கம் வயல் ரோட்டுல ஒரு தடவ கூட்டிட்டு போறப்போ இது பட்டைய முறுக்கிக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு ஆட்டு மந்தைய கட்ட ஆரம்பிச்சுடுச்சு, நமக்கு என்னவோ பெருமையா இருக்கு, ஆடு மேய்க்கற அம்மா கழியோட ஓடி வராங்க, "எப்பா, நாய புடிப்பா, சென ஆடு இருக்குது, வெரட்டுனா குட்டி கலைஞ்சிடும்"னு. அவங்க சொல்றது நெசம். பழகாத நாய் வெரட்டினா சென ஆட்டுக்கு ஆபத்து, பழகின நாயா இருந்தாலும் அது அவங்க சொத்து. அறுவடை முடிஞ்சு கெடை போடுற மாசங்கள்ல வயல் பக்கம் போனா கயித்த விடவே விடாதீங்க, கெடைல காவல் நாய் இருக்கும், அது உங்க நாய பேச்சு வார்த்தைக்கு கூப்பிடாது.

கொழந்தைங்க ஓடினா கணுக்கால்ல லேசா கவ்வும், அது கோவம் இல்ல, மேய்க்கறது. ஆனா அடுத்த வீட்டுக்காரங்களுக்கு அது நாய்க்கடிதான். பிள்ளைங்க ஓடி விளையாடுற நேரத்துல நாய் பாய்ல இல்லன்னா கேட்டுக்கு உள்ள, முடிஞ்சுது.

கடற்கரைக்கு கூட்டிட்டு போறவங்க மணல்ல என்ன கெடக்குதுன்னு பாருங்க. கரைவலை இழுத்த எடத்துல வேணாம்னு தூக்கிப்போட்ட மீன்ல பேத்தை இருக்கும், ஊதின பலூன் மாதிரி வயிறு வெளுப்பா இருக்குமே, அது செத்து காஞ்சு கெடந்தாலும் விஷம், நாய் தின்னா கை கால் இழுத்து மூச்சு நிக்கற அளவுக்கு போகும், அதுக்கு மாத்து மருந்தும் கெடையாது. சொறி மீனையும் மோக்க விடாதீங்க. அதனால "விடு"ங்கற சொல்லு கத்துக்கிட்ட நாய்தான் பீச்சுக்கு. அலைல விளையாடுறப்போ உப்புத்தண்ணிய குடிச்சுட்டு வீட்டுக்கு வந்து வாந்தியும் பேதியும் ஆகும், ஒரு பாட்டில் நல்ல தண்ணி எடுத்துட்டு போய் நடுவுல நடுவுல குடுங்க. ஜனவரிலேந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைங்க முட்ட போட கரை ஏறும், அந்த மாசங்கள்ல ராத்திரியும் விடிகாலையும் கயிறு இல்லாம விடாதீங்க, குழிய தோண்டுறதுல இதுக்கு தனி சந்தோஷம்.

சாப்பாடு பெரிய விஷயம் இல்ல, இதுங்க 14லேந்து 20 கிலோ வரைக்கும்தான், விலா எலும்பு கைக்கு தட்டுப்படணும் கண்ணுக்கு தெரியக்கூடாது. பேக்கெட் தீனியோ, வேகவச்ச சிக்கன், முட்டை, கேரட், கொஞ்சம் சோறுன்னு வீட்டுச் சாப்பாடோ, ரெண்டும் ஓகே, வீட்டுச் சாப்பாடுன்னா கால்சியத்துக்கு என்ன சேக்கறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. நம்ம வீட்டு கொழம்பு ஊத்தி பெசஞ்சு வைக்கறத மட்டும் நிறுத்துங்க, வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்த அணுவ ஒடைக்கும், கொழம்புன்னா அது ரெண்டும் இல்லாம ஏது. திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு கூடாது. பழக்கத்துக்கு குடுக்கற தீனி எல்லாத்தையும் அன்னிக்கு சாப்பாட்டுலேந்து கழிச்சுடணும், இல்லன்னா பாட்டி குடுக்கற மேரி பிஸ்கெட்டும் சேந்து ஆறு மாசத்துல உருண்டுடும்.

முடிய வெயில்னு மொட்ட அடிக்க சொல்றவங்க நெறைய பேரு. அடிக்காதீங்க, மேல இருக்கற முடி வெயில் நேரா தோல்ல படாம தடுக்குது, அடி முடிதான் சூட்ட கட்டி வைக்குது, அத வாரத்துக்கு மூணு நாள் வாரி எடுத்தா போதும். வயித்துல மட்டும் குட்டையா வெட்டிக்கலாம். கடல்ல நனைஞ்சா நல்ல தண்ணில அலசி வேர் வரைக்கும் காய வைங்க, காது பின்னாடியும் தொடைலயும் ஈரம் நின்னா ரெண்டே நாள்ல புண்ணு.

உண்ணிக்கு வருவோம், நம்ம பக்கம் நாய் வளர்க்கறவன் தலையெழுத்து இது. தினமும் ராத்திரி காது உள்ள, கழுத்துப்பட்டைக்கு அடில, விரலிடுக்குல கைய விட்டு தடவுங்க. கடுகு சைஸ்ல தட்டுப்பட்டா இடுக்கியால தோலோட ஒட்டி புடிச்சு நேரா இழுங்க, நசுக்காதீங்க, மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க. நாய்மேல இருக்கறது கொஞ்சம்தான், மிச்சம் எல்லாம் செவுரு வெடிப்புலயும் கட்டில் சந்துலயும் முட்ட போட்டுட்டு உக்காந்திருக்கும், வீட்டையும் சேத்து பாக்கணும். உண்ணி காய்ச்சல்ல நாய் மந்தமா ஆகும், ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்குல ரத்தம் வரும், அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. பாண்டில குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரில ஆஸ்பத்திரி இருக்கு. மாத்திரையா சொட்டு மருந்தா எதுன்னு டாக்டர் சொல்லட்டும், வலிப்பு வந்த நாய்ன்னா அத முன்னாடியே சொல்லிடுங்க, சில உண்ணி மாத்திரை அதுக்கு ஆகாது.

இதுல ரொம்ப முக்கியம் ஐவர்மெக்டின். கோலி வம்சத்துல சிலதுக்கு எம்டிஆர்1ன்னு ஒரு ஜீன் கோளாறு இருக்கும், இருந்தா சொறிக்கு போடற அளவு ஐவர்மெக்டின் ஊசி மூளைக்குள்ள போய் நாய் கோமால விழுந்துடும். ரஃப் கோலில நூத்துக்கு எழுவது வரைக்கும் இருக்கு, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட்ல பாதி, சுத்தமான பார்டர் கோலில அஞ்சுக்கும் கம்மி. ஆனா இங்க பார்டர் கோலின்னு விக்கறதுல எது எதோட கலந்துதுன்னு யாருக்கு தெரியும்? அதனால டெஸ்ட் பண்ற வரைக்கும் இருக்குன்னே வச்சுக்குங்க. மெடிக்கல்ல கேட்டு நீங்களா போடாதீங்க, புது டாக்டர்கிட்ட போனா ஊசிய எடுக்கறதுக்கு முன்னாடி வாய தொறந்து சொல்லுங்க, ஃபைல் அட்டை மேலயும் பெருசா எழுதி வைங்க.

தீபாவளிக்கு இந்த ஜாதி ரொம்ப பயப்படும், காது அவ்ளோ கூர்மை. ரோட்ட ஒட்டாத ரூம்ல பாய போட்டு ஃபேனும் டிவியும் ஓட விடுங்க, பயந்து ஒளிஞ்சா இழுக்காதீங்க, பக்கத்துல உக்காந்து தடவலாம், அதனால பயம் ஜாஸ்தி ஆகாது. ரொம்ப நடுங்கற நாய்ன்னா ஒரு மாசம் முன்னாடியே மாத்திரை பத்தி கேட்டு வைங்க.

பட்டாசு முடிஞ்சா அடுத்தது மழை. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்தப்போ பாண்டில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு, தெருவே தெரியல. அந்த மாதிரி நாட்கள்ல வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா ஓட்டத்துக்கு பழகின நாய் வீட்ட பிரிச்சுடும், கொட்டாங்குச்சிக்கு பழகினது சமாளிச்சுக்கும். ஒரு வாரத்துக்கு தீனியும் மருந்தும் டப்பால போட்டு மேல் அலமாரில வைங்க, ஒன்னுக்கு ரெண்டுக்கு போக மொட்டமாடில ஒரு மூலைய முன்னாடியே பழக்கி வைங்க. தேங்கின தண்ணில நடக்கவோ குடிக்கவோ விடாதீங்க, எலி மூத்திரம் கலந்த தண்ணிலேந்து லெப்டோன்னு சொல்ற எலிக்காய்ச்சல் வரும், கல்லீரலும் கிட்னியும் போயிடும், நமக்கும் தொத்தும். அந்த தடுப்பூசி வருஷா வருஷம் போடணும், மொத தடவைன்னா கொஞ்ச வாரம் விட்டு ரெண்டு ஊசி, அதனால ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சீங்கன்னா ஐப்பசி மழைக்குள்ள முடிஞ்சுடும்.